டிவில வர்ற உளவியலாளர் யாருக்கு வேலை பார்க்கிறார்?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு லிசனர் கேட்ட கேள்வி இது: "ரியாலிட்டி ஷோல சைக்காலஜிஸ்ட்னு ஒருத்தர் வந்து பேசுறாங்களே ப்ரோ, அவங்க சொல்றதை எவ்வளவு நம்பலாம்?" ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம்னுதான் உட்கார்ந்தேன். நோட்ஸ் எடுக்க எடுக்க நீண்டு போச்சு. அதனால முழு எபிசோடும் இதுதான்.

முதல்ல, பார்க்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம். எங்க ஊர் சோழவந்தான். வெற்றிலைக்கும் ஜெனகை மாரியம்மன் கோயிலுக்கும் பேர் போன ஊர். அங்க எங்க சித்தி வீட்டுல ராத்திரி சாப்பாட்டு நேரத்துல டிவி ஓடும்போது வர்ற விமர்சனத்தை அப்படியே ரெக்கார்ட் பண்ணினா தனி பாட்காஸ்ட்டே போடலாம். ஒரு நிபுணர் வந்து பேசுனா, "அந்தம்மா நறுக்குன்னு கேட்டாங்கப்பா" அப்படின்னு ஒரு குரல். "இவுக அந்தப் பய பக்கமே பேசுறாக" அப்படின்னு இன்னொரு குரல். "இதைச் சொல்ல படிச்சிருக்கணுமாக்கும், நானே சொல்லுவேனே" அப்படின்னு அப்பத்தா.

இந்த மூணு கருத்தையும் கொஞ்சம் உத்துப் பாருங்க. மூணுமே தீர்ப்பைப் பத்தின கருத்து. நறுக்குன்னு கேட்டாங்களா, பாரபட்சமா பேசுனாங்களா, சரியான ஆளைத் தப்புன்னு சொன்னாங்களா. அதாவது நாம அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவரை உளவியலாளராப் பார்க்கல, நாட்டாமையாப் பார்க்கிறோம். ஆலமரத்தடி போய் செட் வந்திருக்கு, சொம்பு போய் மைக் வந்திருக்கு. இந்த எபிசோட்ல நான் சொல்ல வர்றதோட அடிப்படையே இதுதான். உளவியலாளரோட வேலை யார் மேல தப்புன்னு சொல்றது இல்ல. ஆனா டிவி அவருக்குக் கொடுக்கிற வேலை பெரும்பாலும் அதுதான்.

தமிழ்ல இதுக்குப் பெரிய உதாரணம் பிக் பாஸ் இல்ல. அதுக்கு முன்னாடியே வந்த 'சொல்வதெல்லாம் உண்மை'. 2011ல ஜீ தமிழ்ல ஆரம்பிச்ச நிகழ்ச்சி. குடும்பச் சண்டை, ஓடிப்போன புருஷன், சொத்துத் தகராறு, கள்ள உறவுன்னு சொல்லப்பட்ட விஷயங்கள், எல்லாத்தையும் கேமரா முன்னாடி உட்கார வைச்சுப் பேச வைச்சாங்க. நிர்மலா பெரியசாமி, சுதா சந்திரன், லட்சுமி ராமகிருஷ்ணன்னு தொகுப்பாளர்கள் மாறுனாங்க. ஒருத்தர் செய்தி வாசிப்பாளர், ஒருத்தர் நடனக் கலைஞரும் நடிகையும், இன்னொருத்தர் நடிகையும் இயக்குநரும். ஆனா பார்த்தவங்க மனசுல அவங்க எல்லாரும் 'கவுன்சிலிங் கொடுக்கிறவங்க'. எங்க தெருவுல புருஷன் பொண்டாட்டி சண்டை வந்தா "இவங்களை லட்சுமி மேடம்கிட்ட கூட்டிட்டுப் போகணும்" அப்படின்னு சொன்னதை நானே கேட்டிருக்கேன். அவங்க சொன்ன ஒரு வரி ஊர் முழுக்க மீம் ஆச்சு, 2016ல 'ரஜினிமுருகன்' படத்துல பாட்டாவும் ஆச்சு. 2017ல வந்த 'அருவி' படம் இந்த மாதிரி ஷோவைத்தான் நடுவுல வைச்சு கிழிச்சுது.

இதுல எனக்கு ரொம்ப சுவாரசியமாப் படுற விஷயம் ஒண்ணு. லட்சுமி ராமகிருஷ்ணன் இயக்கின முதல் படம் 'ஆரோகணம்', 2012. அதுல அம்மா கேரக்டருக்கு இருக்கிறது பைபோலார் டிஸ்ஆர்டர். அந்தப் படம் அந்த நோயைக் கேலி பண்ணாம, பயமுறுத்தாம, மரியாதையா கையாண்ட படம். அதனால 'இவங்களுக்கு மனநலம்னா என்னன்னே தெரியாது'ன்னு ஈஸியா ஒதுக்கிட முடியாது. தெரிஞ்ச ஒருத்தர் உட்கார்ந்தாலும் அந்த நிகழ்ச்சியோட வடிவம் அவரை நாட்டாமையா மாத்திடுது, அதுதான் விஷயம். ரெண்டு தரப்பு, நடுவுல ஒருத்தர், முடியும்போது ஒரு முடிவு வேணும், அதுவும் விளம்பர இடைவேளைக்கு ஏத்த மாதிரி சூடா வேணும். அந்த டிசைன்ல யாரை உட்கார வைச்சாலும் அவுட்புட் அதேதான்.

2018 ஜூன்ல உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை இந்த நிகழ்ச்சியை ஒளிபரப்ப இடைக்காலத் தடை போட்டுச்சு. தனிப்பட்ட மனுஷங்களோட, அதுவும் பெரும்பாலும் ஏழைகளோட, அந்தரங்கத்தை ஊருக்குக் காட்டுறாங்கங்கிறதுதான் இந்த நிகழ்ச்சி மேல இருந்த முக்கியமான குற்றச்சாட்டு. ஒத்தக்கடை பக்கம் போறவங்க அந்த நீதிமன்றக் கட்டடத்தைப் பார்த்திருப்பீங்க. நம்ம ஊர் ஆளுங்க ராத்திரி தீர்ப்பு பார்த்துட்டு இருந்த நிகழ்ச்சிக்கு நம்ம ஊர்லயே தடை வந்துச்சுங்கிறது கொஞ்சம் விநோதம்தான்.

சரி, இங்க ஒரு சின்ன பிரேக் எடுத்து வார்த்தைகளைச் சுத்தம் பண்ணிக்குவோம். ஏன்னா டிவில 'மனநல நிபுணர்'னு ஒரே பேர்ல எல்லாரையும் போட்டுடறாங்க. மனநல மருத்துவர்னா சைக்கியாட்ரிஸ்ட். எம்.பி.பி.எஸ். முடிச்சு, அதுக்கு மேல மனநலத்துல பட்ட மேற்படிப்பு படிச்சவர். மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர்னா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மருந்து எழுத மாட்டார், சோதனைகள் செய்வார், பேச்சு வழியா சிகிச்சை கொடுப்பார். இவர் 1992 சட்டப்படி இயங்குற இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, அதாவது ஆர்.சி.ஐ.ல, பதிவு பண்ணியிருக்கணும். கவுன்சிலர்ங்கிற வார்த்தைக்குத்தான் ரொம்ப நாளா வேலியே இல்லாம இருந்துச்சு. 2021ல வந்த துணை மருத்துவத் தொழிலாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் அவங்களையும் ஒரு கட்டுக்குள்ள கொண்டுவரப் பார்க்குது. அதனால ஸ்கிரீன்ல பேருக்குக் கீழ என்ன போட்டிருக்குன்னு பார்க்கிறதை விட, அவர் எந்தப் பதிவு வைச்சிருக்கார்னு பார்க்கிறது முக்கியம்.

இப்போ பிக் பாஸுக்கு வருவோம். 2017 ஜூன் 25, விஜய் டிவி, கமல்ஹாசன். பூந்தமல்லி தாண்டி ஒரு செட். வீடு முழுக்க கேமரா, நூறு நாள் கணக்கு. இந்த ஃபார்மேட்டோட தாய்வீடு நெதர்லாந்து, 1999. அது பிரிட்டனுக்கு 2000ல போனப்பவே உளவியலாளர்களைத் திரையில உட்கார வைச்சாங்க. ஜெஃப்ரி பீட்டி, பீட்டர் கொலெட் மாதிரி ஆளுங்க, பேராசிரியர் ரேஞ்சுல இருந்தவங்க. போட்டியாளர் கையைக் கட்டினா என்ன அர்த்தம், மூக்கைத் தொட்டா என்ன அர்த்தம்னு விளக்குறது அவங்க வேலை. மக்களுக்கு ரொம்பப் பிடிச்சுது. ஒரு சண்டையைப் பார்த்துட்டு, அதோட 'உள் அர்த்தம்' என்னன்னு ஒரு நிபுணர் சொன்னா, நாம வம்பு பேசல, அறிவியல் கத்துக்கிறோம்னு ஒரு திருப்தி வந்துடும்ல.

இந்த மாதிரி ஷோக்கள்ல ரெண்டு விதமான உளவியலாளர் இருக்க முடியும். ஒருத்தர் நமக்குத் தெரியவே மாட்டார். போட்டியாளரைத் தேர்வு பண்ணும்போது பேசுறவர், உள்ள போனதுக்கு அப்புறம் தேவைப்பட்டா பேசுறவர், வெளிய வந்ததும் பார்த்துக்கிறவர். இன்னொருத்தர் கேமரா முன்னாடி உட்கார்ந்து, தான் சந்திக்காத ஆளைப் பத்தி நமக்கு விளக்குறவர். நம்ம கருத்து எல்லாமே ரெண்டாவது ஆளைப் பத்தித்தான். ஆனா ஒரு போட்டியாளரோட உயிருக்கு முக்கியம் முதல் ஆள்.

ரெண்டாவது ஆள் மேல எனக்கு இருக்கிற சந்தேகத்தை என் வேலை மொழியில சொல்றேன். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சர்வர் படுத்துடுச்சுன்னு வைங்க. எனக்கு முழு லாகும் கொடுத்தா என்ன ஆச்சுன்னு தேடலாம். ஆனா வேற ஒருத்தர் அதுல எரர் வரிகளை மட்டும் பொறுக்கி, அதையும் வரிசை மாத்தி, பின்னாடி மியூசிக் போட்டு எங்கிட்ட கொடுத்து, 'இந்த சர்வருக்கு என்ன பிரச்சினை?'ன்னு கேட்டா? நான் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் நான் சொல்றது சர்வரைப் பத்தின பதில் இல்ல, பொறுக்கினவரோட ரசனையைப் பத்தின பதில். பதினஞ்சு பேர் ஒரு வீட்டுல 24 மணி நேரம் இருக்காங்க. நமக்கு வர்றது ஒன்றரை மணி நேரம் கூட இல்ல, விளம்பரமும் சேர்த்து. இதை வைச்சு ஒரு மனுஷனுக்கு இந்த ஆளுமைக் கோளாறு இருக்குன்னு சொன்னா, அது நோயறிதல் இல்ல. எடிட்டரோட வேலைக்குப் போடுற ஐ.எஸ்.ஐ. முத்திரை.

2017 ஆகஸ்ட் நினைவிருக்கா? ஓவியா விஷயம். வீட்டுக்குள்ள ஒரு காதல் பேச்சு முறிஞ்சது, மத்தவங்க ஒதுக்குனது, நீச்சல் குளத்துல நடந்த அந்தக் காட்சி, அதுக்கப்புறம் அவங்க வெளிய வந்தது. போலீஸ் புகார் வரைக்கும் போச்சு. அந்த ஒரு வாரம் தமிழ்நாட்டுல உளவியலாளர் இல்லாத டீக்கடையே இல்ல. 'நடிப்பு'ன்னு ஒரு கட்சி, 'மனசு உடைஞ்சிருச்சு'ன்னு ஒரு கட்சி, அதுக்குப் பேர் வைக்கிறதுக்கு ஒரு கட்சி.

ஆனா இங்க பார்வையாளர்களுக்கு ஒரு கிரெடிட் கொடுத்தே ஆகணும். 'ஓவியா ஆர்மி'ன்னு கேலி பண்ணுவாங்க. அந்தக் கூட்டம் ஒரு விஷயத்தைச் சரியாப் பார்த்துச்சு: ஒரு வீடே சேர்ந்து ஒருத்தரை ஒதுக்கினா அவருக்கு என்ன ஆகும்ங்கிறதை. அதுக்கு எந்த நிபுணரும் வந்து விளக்க வேண்டியிருக்கல. ஆபீஸ்லயோ காலேஜ் ஹாஸ்டல்லயோ ஒரு தடவை தனியா உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு அது புரியும். நடந்ததைப் பார்த்து 'இது கொடுமை'ன்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு. 'இவருக்கு இந்த வியாதி'ன்னு சொல்றதுதான் நம்ம கையில இல்லாதது. நம்மளால முடியாததுன்னா, ஸ்கிரீனைப் பார்த்துட்டு இருக்கிற நிபுணராலும் முடியாது. மூணாவது சீசன்ல, 2019 ஆகஸ்ட்ல, மதுமிதா தன்னைத்தானே காயப்படுத்திக்கிட்டு வெளிய வந்தப்பவும் இதே மாதிரி கட்சி பிரிஞ்சுது. 'விதியை மீறினாரா'ங்கிறது தலைப்பாச்சு. 'அந்த நேரத்துல அவர்கூட யார் பேசினாங்க'ங்கிறது தலைப்பாகல. அங்கயும் பாருங்க, பஞ்சாயத்துதான்.

இதை அமெரிக்காவுல ஒரு தடவை பெரிய விலை கொடுத்துக் கத்துக்கிட்டாங்க. 1964ல பேரி கோல்ட்வாட்டர் ஜனாதிபதி தேர்தல்ல நின்னார். ஃபேக்ட்னு ஒரு பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டு, 'இவர் பதவிக்கு மனதளவுல தகுதியானவரா?'ன்னு கேட்டுச்சு. 2,417 பேர் பதில் போட்டாங்க. 1,189 பேர் தகுதி இல்லன்னாங்க. ஒருத்தர்கூட அவரைப் பரிசோதனை பண்ணி அதைச் சொல்லல. கோல்ட்வாட்டர் தேர்தல்ல தோத்தார், ஆனா அவதூறு வழக்குல ஜெயிச்சார். அதுக்கப்புறம் 1973ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒரு விதியையே கொண்டு வந்துச்சு: நேர்ல பார்த்து பரிசோதிக்காத, அனுமதி கொடுக்காத ஒரு பொது மனிதரைப் பத்தித் தொழில்முறைக் கருத்து சொல்லக் கூடாது. இன்னைக்கும் அதைக் கோல்ட்வாட்டர் விதின்னுதான் சொல்றாங்க. ஒரு போட்டியாளரைப் பத்தி டிவில ஒரு நிபுணர் பேசும்போது நீங்க கையில வைச்சுக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இவங்க அவரைப் பார்த்தாங்களா? அடுத்த கேள்வி: பார்த்திருந்தா, எப்படி வெளிய பேசுறாங்க? பார்க்காம பேசினா யூகம், பார்த்துட்டு அனுமதி இல்லாம பேசினா துரோகம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடம் ரொம்பச் சின்னது. பொதுவா மனச்சோர்வுன்னா என்ன, ஒதுக்கப்படுறது மனசை என்ன பண்ணும்னு பேசலாம். 'நீயா நானா' மாதிரி நிகழ்ச்சிகள்ல சிறப்பு விருந்தினரா வர்ற மனநல மருத்துவர்கள் அந்தச் சின்ன இடத்துலயே நின்னு பேசும்போது உண்மையிலேயே உபயோகமா இருக்கும்.

தலைப்புல கேட்ட கேள்வி இன்னும் பாக்கி இருக்கு. யாருக்கு வேலை பார்க்கிறார்? கிளினிக்ல பதில் சுலபம். காசு கொடுக்கிறதும் நீங்க, உதவி தேவைப்படுறதும் நீங்க. அரசு ஆஸ்பத்திரின்னா காசு அரசாங்கம் கொடுக்கும், ஆனா அவர் கடமைப்பட்டது உங்களுக்குத்தான். செட்ல சம்பளம் கொடுக்கிறது தயாரிப்பு நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு வேணும்ங்கிறது போட்டியாளர் அமைதியாகறது இல்ல. அதுக்குன்னு நிபுணர் கெட்டவர்னு அர்த்தம் இல்ல, இழுப்பு ரெண்டு பக்கமும் இருக்குன்னு அர்த்தம்.

டாக்டர் ஃபில்னு அமெரிக்காவுல ஒரு ஷோ, 2002ல இருந்து 2023 வரைக்கும் ஓடுச்சு. அவர் மருத்துவ உளவியல்ல முனைவர் பட்டம் வாங்கினவர்தான். ஆனா 2006ல இருந்து அவர்கிட்ட தொழில் செய்றதுக்கான உரிமம் இல்ல, புதுப்பிக்கல. ஷோல நடக்கிறது சிகிச்சை இல்ல, பொழுதுபோக்குங்கிறதுதான் வாதம். பார்க்கிறவங்களுக்கு அது தெரியுமா? பேருக்கு முன்னாடி 'டாக்டர்' இருக்கே.

பிரிட்டன்ல ஜெரமி கைல் ஷோ இருந்துச்சு. நம்ம சொல்வதெல்லாம் உண்மைக்குக் கிட்டத்தட்ட பெரியப்பா முறை. பொய் கண்டுபிடிக்கும் கருவி, டி.என்.ஏ. சோதனை எல்லாம் உண்டு. கலந்துக்கிறவங்களைப் பார்த்துக்க ஒரு மனநலக் குழுவும் உண்டு. 2019 மே மாசம், படப்பிடிப்புல கலந்துக்கிட்ட ஒருத்தர் அது ஒளிபரப்பாகறதுக்கு முன்னாடியே இறந்துபோனார். ஐடிவி நிகழ்ச்சியையே மொத்தமா நிறுத்துச்சு. பல வருஷம் கழிச்சு நடந்த விசாரணையில நிகழ்ச்சிக்கும் மரணத்துக்கும் நேரடித் தொடர்பு நிரூபணமாகலன்னு சொன்னாங்க, அதையும் சொல்லிடணும். ஆனா அதுக்கு முன்னாடியே அங்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2021 ஏப்ரல்ல இருந்து புது விதி கொண்டு வந்துடுச்சு: நிகழ்ச்சியில கலந்துக்கிறவங்க நலனைப் பார்த்துக்கிறது சேனலோட பொறுப்பு, என்ன ஆபத்து வரலாம்னு அவங்களுக்கு முன்கூட்டியே சொல்லணும். அதாவது முதல் ஆளை, நமக்குத் தெரியாத அந்த உளவியலாளரோட வேலையை, விதிக்குள்ள கொண்டு வந்தாங்க.

இதெல்லாம் சோழவந்தான்ல டிவி பார்க்கிறவங்களுக்கு எதுக்குன்னு கேட்டா, எங்க சித்திகிட்ட ஒரு நாள் பேசினதைச் சொல்றேன். சொந்தத்துல ஒரு அக்காவுக்கு ரெண்டு மாசமா தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, காரணமில்லாம அழுகை. "மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கலாமே"ன்னேன். சித்தி சொன்ன பதில்: "எதுக்குடா, அங்க போனா எல்லாத்தையும் கிண்டிக் கிளறி, கடைசியில இவ மேலதான் தப்புன்னு சொல்லுவாக. வெளிய தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல வேற..." அவங்களுக்கு உளவியலாளரை நேர்ல பார்த்த அனுபவமே கிடையாது. பார்த்ததெல்லாம் டிவில. அந்த மாதிரி நிகழ்ச்சியிலிருந்து அவங்க எடுத்துக்கிட்டது ரெண்டே விஷயம்: தப்பு யார் மேலன்னு சொல்லுவாங்க, ஊருக்குத் தெரிஞ்சிடும். நிஜத்துல ரெண்டுமே நேர் எதிர்.

நிஜத்துல முதல் தடவை போனா பெரும்பாலும் சலிப்பாத்தான் இருக்கும். எத்தனை நாளா தூக்கம் இல்ல, பசி எப்படி, மாதவிடாய் ஒழுங்கா வருதா, தைராய்டு பார்த்தீங்களா, வேற என்ன மருந்து எடுக்கிறீங்க, குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா, உயிரை விட்டுடலாம்னு எண்ணம் வருதா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாம நேரடியாத்தான் கேட்பாங்க, பயப்பட வேண்டாம். அறிவுரை ரொம்பக் கம்மி. குரலை உயர்த்த மாட்டாங்க. அதை ஷூட் பண்ணி டிவில போட்டா பத்து நிமிஷத்துல சேனல் மாத்திடுவோம். 'நறுக்குன்னு கேட்டாங்க'ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

வெளிய தெரியுமாங்கிற பயத்துக்குச் சட்டத்துலயே பதில் இருக்கு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், அதாவது ஓவியா பிக் பாஸ் வீட்டுக்குள்ள போன அதே வருஷம் நிறைவேறின சட்டம். 23ஆவது பிரிவு, உங்க சிகிச்சை விவரம் ரகசியமா இருக்கணும்னு சொல்லுது. 24ஆவது பிரிவு, மனநல நிலையத்துல சிகிச்சை எடுக்கிறவரோட படமோ விவரமோ அவர் சம்மதம் இல்லாம மீடியாவுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லுது. 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்துல இருந்தார்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்கிறது அரசோட கடமைன்னு சொல்லுது. 'நடிப்பா இல்லையா'ன்னு வோட்டு போடுற இடமே அங்க இல்ல.

அந்த அக்காவை அடுத்த வாரம் கூட்டிட்டுப் போனாங்க, சித்தியேதான் கூடப் போனாங்க. அதுக்கு மேல அவங்க விஷயத்தை நான் இங்க பேசப் போறதில்ல, மேல சொன்ன காரணத்துக்காகத்தான்.

மதுரைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு: பெரியாஸ்பத்திரியில, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில, மனநலப் பிரிவு இருக்கு, அரசு ஆஸ்பத்திரிங்கிறதால பணம் ஒரு தடையா இருக்காது. தனியாப் பார்க்கிற மருத்துவ உளவியலாளர்னா ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்க. கேட்டா கோவிச்சுக்கிறவர்னா வேற ஆளைப் பாருங்க. போன்ல பேசினாப் போதும்னா 14416. டெலி மானஸ், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது. 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. உங்களுக்கோ பக்கத்துல இருக்கிறவருக்கோ உயிரை விட்டுடலாம்னு எண்ணம் வந்தா இந்த எபிசோடை முடிக்காட்டியும் பரவால்ல, அந்த நம்பருக்குப் போடுங்க.